மாசியில் பூக்க வேண்டுமா? ஐப்பசியில் மண்வெட்டியை எடுங்கள்

தை முடிந்ததும் எங்கள் பக்கம் ஒரு இரண்டுங்கெட்டான் பருவம் வரும். விடிகாலையில் சன்னல் கம்பியைத் தொட்டால் சில்லென்று இருக்கும். பதினொரு மணிக்கு மேல் அதே முற்றத்தில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பாலைத் திணைக்குப் பொழுது சொல்லும்போது வேனிலோடு பின்பனியையும் சேர்த்தே சொல்கிறது பழைய இலக்கணம். சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

இந்த இரண்டு மாதத்தில்தான் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை, காற்று சுகமாக இருக்கிறது, வண்டியில் செடி விற்கிறவர் தெருவுக்குள் வருகிறார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வீடு கட்டிக் குடிவந்த வருடம், மாசி மகத்துக்கு முந்தின வாரம், மொட்டும் பூவுமாக ஆறு ரோஜாச் செடி வாங்கினேன். ஓசூர்ப் பக்கத்துக் குளுமையில் வளர்ந்த செடிகள். கவரைக் கிழித்துக் கரிசல் மண்ணில் வைத்து, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். பங்குனிப் பொங்கலுக்கு ஆறும் விறகு.

எங்கள் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “மேலாப்புல தண்ணி காட்டாத தாயி. வேரு மேலயே வந்து படுத்துக்கிரும். அப்புறம் வெயிலு வந்து எழுப்பும்.”

பிறகு கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். வானம் பார்த்த ஊரில், கையகல மண் இருக்கிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: குடத்தை எண்ணுங்கள்

ஒரு வாரத்துக்கு ஒரு செடியும் வாங்க வேண்டாம். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர், இவை தினமும் எவ்வளவு சேர்கின்றன என்று நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர். சராசரி போட்டுப் பார்த்தால் நாளுக்கு 30 லிட்டர் வருகிறது. பிளாஸ்டிக் குடத்துக்கு இரண்டு குடம்.

இப்போது கணக்கு. மூடாக்குப் போட்டு (மண்ணைச் சருகால் மூடி) தரையில் வைத்த ஒரு நடுத்தரப் பூச்செடிக்கு மாசி மாதத்தில் வாரம் இரண்டு முறை, முறைக்கு 5 லிட்டர் போதும். வாரத்துக்கு 10 லிட்டர். என்னிடம் வாரத்துக்கு 210 லிட்டர் இருக்கிறது என்றால் 21 செடி வைக்கலாம். வைக்கக் கூடாது. பங்குனியில் குழாய்த் தண்ணீர் முறை தள்ளிப்போகும், வீட்டிலும் சிக்கனம் வரும். அதனால் பாதியாக்கி, பத்துச் செடியோடு நிறுத்துங்கள். பத்து பூக்கும். இருபது வைத்தால் இருபதும் வாடிக்கொண்டிருக்கும்.

எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. சோப்புத் தூள் போட்ட முதல் தண்ணீர் பூச்செடிக்கு ஆகாது. கல்வாழை இருந்தால் அதற்கு விடலாம், சாக்கடையோரக் கல்வாழைகள் செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் தள்ளுகிற கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். போர் தண்ணீர் ஏற்கெனவே சவர் என்றால், கழிவில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அரளியும் காகிதப்பூவும் தாங்கும். கனகாம்பரத்துக்கு ஊற்றினால் சில வாரங்களில் இலை ஓரம் கருகுவதைக் காணலாம்.

மழை நிற்பதற்குள் மண்ணைத் தயார் செய்தல்

தமிழ்நாட்டு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அதற்குப் பின் ஜனவரி, பிப்ரவரியில் பெய்வது பேருக்குத்தான். ஆகவே மாசிப் பூவுக்கான தண்ணீரை ஐப்பசி, கார்த்திகையிலேயே மண்ணுக்குள் இறக்கி வைத்திருக்க வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் எங்கள் போரும் வறண்டது. அப்போதும் தோட்டத்தில் நான்கு செடி பூத்தது. நான்கும் குழியில் தேங்காய் மட்டை புதைத்து நட்டவை.

அது எப்படி என்று சொல்கிறேன். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். கரிசல் என்றால் ஒரு மழை பெய்து மண் பதமான பிறகு எடுங்கள். காய்ந்த கரிசலில் கடப்பாரை துள்ளும், நனைந்த கரிசல் மண்வெட்டியை விடாது. ஒருநாள் ஊறவைத்த தேங்காய் மட்டைகளைக் குழியின் அடியில் இரண்டு அடுக்காக, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே, எடுத்த மண்ணும் மக்கிய தொழு உரமும் சரிபாதி. நன்றாக மக்காத சாணியைப் போட்டால் கரையானுக்கு விருந்து வைத்தது போலத்தான்.

செடியைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டும்போது தண்டை ஒட்டிக் கட்டாதீர்கள். கிளையின் நுனி எங்கே நிற்கிறதோ அதற்கு நேர் கீழே வரப்பு வர வேண்டும். தண்ணீர் குடிக்கிற வேர் அங்கேதான் இருக்கிறது.

மாடித் தண்ணீரையும் விட வேண்டாம். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது, அறுபது குடம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் பழைய வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. பல வீடுகளில் அடியில் இருக்கிற தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறது. புரட்டாசியிலேயே அதைத் தூர் வாருங்கள். முடியாவிட்டால் குழாயின் வாயில் ஒரு முழங்கைக் குழாய் (எல்போ) மாட்டித் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டாலே போதும்.

எந்தச் செடி?

நிறைய பேர் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால்தான் இதை மூன்றாவதாக வைத்தேன்.

ஆவாரையை முதலில் சொல்வேன். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபூளையோடு ஆவாரம்பூவும் தேடி அலைகிறோம். வீட்டில் ஒரு செடி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. காட்டுச் செடி என்கிற இளக்காரம். மழை ஓய்ந்து ஊரெல்லாம் பழுக்கிற நேரத்தில் பொன்மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பது அதுதான். காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘ஞ்ஞ்ஞ்’ என்று அதிரும். பூவின் மகரந்தப் பை நுனியில் சின்ன ஓட்டைதான் இருக்கும். அந்த அதிர்வில்தான் தூள் வெளியே கொட்டும். வண்டு பறக்கும்போது அதன் வயிறு மஞ்சளாக இருக்கும்.

ஆவாரை விதைத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து நேராகத் தரையிலேயே ஊன்றுங்கள். பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து சோர்ந்துவிடும். ஆடியிலோ ஆவணியிலோ ஊன்றினால் வரும் பருவமழையில் வேர் இறங்கிவிடும். முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது வருடத்திலிருந்து தண்ணீரே கேட்காது.

உடனே பூ வேண்டும் என்பவர்களுக்குச் செண்டுமல்லி. ஐப்பசிக் கடைசியில் நாற்றுப் பாவி, ஒரு மாதத்து நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் நட்டால், நட்ட அறுபதாவது நாள் வாக்கில், சரியாக மாசி பிறக்கும்போது, பூக்க ஆரம்பிக்கும். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது. வந்தால்தான் பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் இதே கணக்குத்தான். வாடாமல்லி இன்னும் குறைந்த தண்ணீரில் நிற்கும்.

கனகாம்பரத்துக்குக் கொஞ்சம் நிழல் பிடிக்கும். முருங்கைக்கு அடியில், மேற்கு வெயில் மறைகிற சுவரோரம், அங்கே வையுங்கள். டெல்லி கனகாம்பரம் என்று விற்பது பார்க்க அழகு, ஆனால் விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். கனகாம்பரத்தின் வேரை நூற்புழு முடிச்சுப் போட்டுக் கெடுக்கும். ஊடே செண்டுமல்லி வைத்தால் அது மட்டுப்படும். காகிதப்பூவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அரளி சாகாது, அதற்கு அறிவுரையே வேண்டாம். ஆனால் அதன் பால், இலை, பூ, விதை எல்லாம் விஷம். சின்னப் பிள்ளைகளோ ஆடோ இருக்கிற வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன். பாலைவன ரோஜா என்று தொட்டியில் விற்கிற தடித்தண்டுச் செடியும் அந்தக் குடும்பம்தான்.

டிசம்பர் பூ தை பிறந்த பிறகு ஓய்ந்துவிடும். பூத்து முடிந்ததும் ஒரு முழ உயரத்துக்கு வெட்டிவிட்டு மறந்துவிடுங்கள். அடுத்த கார்த்திகையில் அதுவே கூப்பிடும்.

பூச்செடிப் பட்டியலில் முருங்கையா என்று சிரிப்பார்கள். தையிலும் மாசியிலும் மரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது அடியில் நின்று பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடி முருங்கையை ஆவணிக் கடைசியில் ஊன்றினால், மார்கழியில் பூ எடுக்கும். முக்கியமான எச்சரிக்கை: பூ வந்த பிறகு பாசத்தில் தண்ணீரைக் கொட்டினால் பூவையெல்லாம் உதிர்த்துவிடும். உதிர்ந்த பூவைத் துணி விரித்துச் சேர்த்து, பாசிப்பருப்போடு பொரியல் செய்வது தனிச் சமாதானம்.

மல்லி ஒரே ஒரு புதர் போதும். மார்கழி, தையில் குளிருக்கு அரும்பு குறைவதால்தான் சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகிறது. கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். இலை முழுக்கப் போய், குச்சியாக நிற்கும். பார்க்கிறவர்கள் செடியைக் கொன்றுவிட்டீர்களே என்பார்கள். மாசிக் கடைசியில் அவர்களே பூக்கேட்டு வருவார்கள். பிச்சியும் முல்லையும் வைத்திருந்தால் அவற்றுக்குத் தை நடுவில் கத்தரி போட வேண்டும், கார்த்திகையில் அல்ல.

பானை புதைத்தல்

சொட்டுநீர்க் குழாய் போட வசதி இருந்தால் போடுங்கள். சவர்த் தண்ணீரில் அதன் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் மண்பானை ஆள்.

ஐந்து லிட்டர் பிடிக்கிற, வண்ணம் பூசாத பானை. புதிதாக வாங்க வேண்டியதில்லை. போகிக்கு வெளியே வைக்கிற பழைய தண்ணீர்ப் பானையே போதும். சோறு பொங்கிய பானை ஆகாது, எண்ணெயும் கரியும் துளையை அடைத்திருக்கும். தண்ணீர் நிரப்பி இரவு திண்ணையில் வையுங்கள். காலையில் வெளிப்பக்கம் ஈரமாக, தொட்டால் குளிர்ந்திருந்தால் நல்ல பானை. அடியில் குட்டை கட்டியிருந்தால் விரிசல். வாய் உடைந்திருந்தால் பரவாயில்லை.

கழுத்து இரண்டு விரல்கடை வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றி ஒரு சாண் தள்ளி மூன்று செடி வையுங்கள். மண் காயக் காயப் பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவும் குறையும். வாயை ஓட்டுத் துண்டாலோ சிரட்டையாலோ கட்டாயம் மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பதற்குப் பானை வைத்ததாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை தோண்டியெடுத்துத் தேங்காய் நாரால் வெளிப்பக்கம் தேய்த்துக் கழுவினால் உப்புப் படிவு போகும்.

மூடாக்கு, கொத்து, குடைக்கம்பி

மார்கழியில் மழை நின்றதும், மண் ஈரம் இருக்கும்போதே மூடாக்குப் போட வேண்டும். காய்ந்த பிறகு போட்டால் காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறோம். வேப்பஞ்சருகு, கரும்புச் சோகை (பொங்கல் முடிந்து தெருவெல்லாம் கிடக்கும்), தென்னங்கீற்றுத் துண்டு, எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், கரையான் ஏறாது. மூடாக்கைப் புரட்டும்போது கையை விடாதீர்கள், குச்சியால் தட்டிவிட்டுப் புரட்டுங்கள். என் வீட்டில் இதுவரை மூன்று தேள்.

மூடாக்கு கிடைக்காவிட்டால் மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கொத்திப் பொடியாக்கி விடுங்கள். புழுதியே மூடாக்கு. கரிசலுக்கு இது இரட்டிப்பு அவசியம். அது பாளம் பாளமாக வெடித்தால், நடுவில் ஓடுகிற வேர் நூல் மாதிரி அறும். ஊற்றுகிற தண்ணீரும் வெடிப்பு வழியே வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

எப்போது தண்ணீர் விடுவது? கிழமை பார்த்து விட வேண்டாம். உடைந்த குடையின் கம்பி ஒன்றை உருவி வைத்துக்கொள்ளுங்கள். மூடாக்கை விலக்கி மண்ணில் குத்துங்கள். ஒரு சாண் ஆழத்துக்குத் தடையில்லாமல் இறங்கினால் ஈரம் இருக்கிறது, போய் வேறு வேலை பாருங்கள். நான்கு விரலில் முட்டிக்கொண்டு வளைந்தால் 5 லிட்டர் முழுசாக விடுங்கள், ஒரே நேரத்தில் கொட்டாமல் இரண்டு தவணையாக. நடுப்பகலில் இலை துவண்டு நிற்பதைப் பார்த்து ஓடாதீர்கள். சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அது வெயிலுக்குச் சோம்பல் முறித்தது. காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம்.

பின்பனியில் தண்ணீரைக் காலையிலேயே விடுங்கள். சாயங்காலம் இலை நனைய ஊற்றினால், இரவுப் பனியும் சேர்ந்து பூஞ்சை நோயைக் கூப்பிடும்.

காகிதப்பூவை மட்டும் பட்டினி போடுங்கள்

மழைக்காலம் முழுக்க அது இலையும் முள்ளுமாகத் தழைக்கும். மார்கழிக் கடைசியிலிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியில் இருந்தால் இலை லேசாகத் தொங்குகிற வரை காத்திருந்து, அரை வாளி, அவ்வளவுதான். மறுபடி தொங்கும் வரை காத்திருங்கள். இப்படி இரண்டு மூன்று முறை வாட்டினால் தை, மாசியில் இலையே தெரியாமல் நிறம் கட்டும். அந்த நிறம் பூ அல்ல, இலைதான் வேஷம் கட்டியிருக்கிறது; நடுவில் ஊதுகுழல் மாதிரி வெள்ளையாக, சுண்டுவிரல் நகமளவு மலர்ந்திருப்பதுதான் பூ. பூத்து முடிந்ததும் பங்குனிக் கடைசியில் வெட்டிவிடுங்கள், புதுக்கிளையில்தான் அடுத்த பூ வரும்.

பூச்சி

அதிகம் கவலைப்பட வேண்டாம். வெயில் ஏறும்போது செண்டுமல்லி இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வலை பின்னும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். செம்பருத்தி இருந்தால் மாவுப்பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கிச் சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். ஆவாரை இலையைப் பச்சைப் புழு தின்றால் விட்டுவிடுங்கள். கொஞ்ச நாளில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகத் தோட்டத்தைச் சுற்றிவரும். ஆவாரைக்கு அந்த இலை போனதே தெரியாது.

பங்குனியில் விதை எடுத்தல்

பங்குனி பிறந்தால் புதிதாக எதையும் நடாதீர்கள், யார் இனாமாகக் கொடுத்தாலும் சரி. வாங்கி நிழலில் பையோடு வைத்திருங்கள். இப்போது விதை வேலை. செண்டுமல்லியில் முதலில் பூத்த பெரிய பூக்கள் நான்கைந்தைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். ஆவாரைக் காய் பழுப்பாகிச் சலசலத்ததும் பறியுங்கள்.

கனகாம்பரத்தில் காய்ந்த கதிரைச் செடியில் விட்டால் விதை தெறித்துக் காணாமல் போய்விடும். பழுப்பேறிய கதிர்களை வெட்டி ஒரு சருவச்சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மேலே மெல்லிய துணியைப் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ‘பட்… பட்பட்…’ என்று ஆரம்பிக்கும். பொரி பொரிகிற மாதிரி துணி அங்கங்கே எழும்பும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம், ஆனால் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து பாதி விதையைக் கூடமெல்லாம் இறைத்துவிடுவார்கள். சேர்ந்ததை ஒருநாள் நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து, பாட்டிலில் போட்டு, மூடியில் மாதத்தை எழுதி ஒட்டுங்கள். ஆடியில் தூவலாம்.